தனிமரம் தோப்பாகுமா?

கோயில் திருவிழாவிலும் தீபாவளி கலைநிகழ்ச்சியிலும் நீங்கள் எத்தனையோ பட்டிமன்றங்களைக் கேட்டிருப்பீர்கள். குடும்பத்தின் சிறப்புக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா என்று ஆளுக்கொரு பக்கம் பேசிக் கைதட்டல் வாங்குவார்கள். கடைசியில் நடுவர் எழுந்து, இரு தரப்பாரின் மனமும் நோகாமல் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடித்து வைப்பார்.

அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, இன்றுவரை தீர்ப்பும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும், முடிதிருத்தும் கடையில் காத்திருப்பவரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதன் பேச்சாளர்கள். தலைப்பு கூடைப்பந்தைப் பற்றியது. ஒரு குழு வாகை சூடினால் அந்தப் பெருமை பெயர்பெற்ற அந்த ஒரு நட்சத்திர ஆட்டக்காரரைச் சேருமா, அவருக்குத் துணை நின்ற மற்றவர்களைச் சேருமா? தோற்றுப் போனால் பழி யாருக்கு?

வாசகர்களே, இன்று அந்த வழக்கை உங்கள் முன் வைக்கிறோம். நடுவர் நாற்காலியில் நீங்களே அமர்ந்து கொள்ளுங்கள்.

ஐந்து பேர் ஆடும் ஆட்டம்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காற்பந்தும் பூப்பந்தும் பழக்கமான அளவுக்குக் கூடைப்பந்து பழக்கமில்லை. ஆகவே அதைப் பற்றி முதலில் சில வார்த்தைகள்.

1891ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காக இந்த விளையாட்டை உண்டாக்கினார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மேலே கட்டி வைத்து, அவற்றில் பந்தைப் போடச் சொன்னார். அதனால்தான் அதற்குக் கூடைப்பந்து என்று பெயர்.

காற்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். கூடைப்பந்தில் 5 பேர்தான். ஆடுகளமும் சிறியது. காற்பந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், சில வேளைகளில் பத்து நிமிடம் வரை பந்து அவர் காலுக்கு வராமல் போகலாம். கூடைப்பந்தில் ஒருவர் நினைத்தால் ஒவ்வொரு முறையும் பந்தைத் தம் கையில் வாங்கிக் கொள்ளலாம். தாக்கவும் செய்யலாம், தடுக்கவும் செய்யலாம். ஐந்தில் ஒருவர் என்பதால் அவருடைய பங்கு பெரிது. 'அந்த ஒருவரே போதும்' என்ற எண்ணம் இந்த ஆட்டத்தில் எளிதாகப் பிறந்து விடுவதும் இதனால்தான்.

அது சரியான எண்ணந்தானா? சாட்சிகளை ஒவ்வொருவராக அழைப்போம்.

நூறு புள்ளி எடுத்தவர்

முதல் சாட்சி வில்ட் சேம்பர்லின். உயரம் 7 அடி 1 அங்குலம். 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி நகரில், பிலடெல்பியா குழுவுக்காக நியூயார்க் குழுவை எதிர்த்து ஆடியபோது, இவர் ஒருவரே 100 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வில் அந்தச் சாதனையை இதுவரை யாரும் எட்டவில்லை.

அந்த 1961-62 பருவம் முழுவதற்கும் அவருடைய சராசரி, ஆட்டம் ஒன்றுக்கு 50.4 புள்ளிகள். இன்னொரு கணக்கைக் கேளுங்கள். ஓர் ஆட்டத்தின் நேரம் 48 நிமிடம். அந்தப் பருவத்தில் அவர் களத்தில் நின்ற சராசரி நேரம் 48.5 நிமிடம்! இதென்ன கணக்கு என்று கேட்கிறீர்களா? சமநிலையில் முடிந்த ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள். அதையும் சேர்த்த கணக்கு இது. அதாவது, அந்த மனிதர் ஏறக்குறைய ஓய்வே எடுக்கவில்லை.

இத்தனை செய்தும் அந்த ஆண்டு வெற்றியாளர் பட்டம் அவருக்குக் கிடைத்ததா? இல்லை. கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில், ஏழாவது ஆட்டத்தில், 109-107 என்ற கணக்கில் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவிடம் அவர் குழு தோற்றது. வெற்றிப் பந்தைப் போட்டவர் சாம் ஜோன்ஸ் என்ற பாஸ்டன் ஆட்டக்காரர்.

'பார்த்தீர்களா, ஒருவர் நூறு எடுத்தாலும் துணை சரியில்லாவிட்டால் பயனில்லை' என்கிறது ஒரு தரப்பு. 'தானே எல்லாவற்றையும் போட நினைத்தால் துணைக்கு என்ன வேலை?' என்று திருப்பிக் கேட்கிறது மறு தரப்பு. இந்த இரண்டாவது கேள்வியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

பதினொரு பட்டம் வென்றவர்

சேம்பர்லினின் எதிரில் நின்ற பாஸ்டன் குழுவின் நடுநாயகம் பில் ரஸ்ஸல். 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 முறை அவருடைய குழு வாகை சூடியது. கடைசி மூன்று பருவங்களில் அவரே ஆட்டக்காரர், அவரே பயிற்சியாளர். என்.பி.ஏ.வில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவரும் அவரே.

ஆனால் அவருடைய வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 15.1 புள்ளிகள்தான். சேம்பர்லின் எடுத்ததில் பாதியளவு. 'ரஸ்ஸலுக்கு என்ன? பாப் கூசி, பில் ஷார்மன், சாம் ஜோன்ஸ், ஜான் ஹாவ்லிசெக் என்று வரிசையாக நல்ல ஆட்டக்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் தோளில் ஏறி நின்றுதான் அவர் வென்றார்' என்று சொல்பவர்கள் உண்டு.

அவசரப்பட்டுத் தலையாட்டி விடாதீர்கள். கூசி 1950லேயே பாஸ்டனுக்கு வந்துவிட்டார். மின்னல் போல் பந்து கடத்துவார். ஷார்மனும் அவருக்கு அடுத்த ஆண்டு முதல் இருந்தார். ஆனாலும் 1956 வரை அந்தக் குழு ஒருமுறைகூட இறுதிச் சுற்றை எட்டவில்லை. ரஸ்ஸல் வந்த முதல் பருவத்திலேயே, 1957ல், பட்டம் கிடைத்தது. 1969ல் ரஸ்ஸலும் சாம் ஜோன்ஸும் ஓய்வு பெற்றார்கள். மறு பருவத்தில் அதே பாஸ்டன் 34 ஆட்டங்களில்தான் வென்றது; 48ல் தோற்றது; அடுத்த கட்டச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

அப்படியானால் 15 புள்ளி எடுத்த மனிதர் அங்கே என்னதான் செய்தார்? எதிரி எறியும் பந்தைப் பாய்ந்து தட்டி மறித்தார். தட்டிய பந்து வெளியே போய்விடாமல் தம் தோழர் கையில் விழும்படி பார்த்துக் கொண்டார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துகளை ஆட்டத்துக்குச் சராசரி 22.5 முறை பிடித்தார். பிடித்த உடனே கூசியிடம் கொடுத்தார், கூசி ஓடினார், மற்றவர்கள் கூடை போட்டார்கள். துணைவர்களால் ரஸ்ஸல் உயர்ந்தார் என்பது உண்மை. ரஸ்ஸலால் துணைவர்கள் உயர்ந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

கணக்கில் ஏறாத வேலை

இங்கே ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பந்தை மறித்துத் தட்டுவதை என்.பி.ஏ. 1973-74 பருவத்தில்தான் எண்ணிக் குறிக்கத் தொடங்கியது. ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969ல். அப்படியென்றால், எந்த வேலையில் அவர் எல்லாரையும் மிஞ்சி நின்றாரோ, அந்த வேலைக்குப் புத்தகத்தில் ஒரு கோடுகூட இல்லை!

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பால் நிறுக்கும் இடத்துத் தராசு பாலை மட்டுந்தான் நிறுக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவரை அது நிறுக்காது. பிள்ளைகளைப் பார்த்துக் கொண்ட பாட்டியையும் நிறுக்காது. அதற்காக அவர்கள் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

கூடைப்பந்திலும் இப்படிப் பல வேலைகள் உண்டு. தம் தோழரைத் துரத்தி வரும் எதிரியின் வழியில் மரம் போல் நின்று அவரைத் தடுப்பது ஒரு வேலை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மூச்சு வாங்க வாங்கத் துரத்திக் களைக்க வைப்பது இன்னொரு வேலை. கூடை போட்டவர் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். வழியை அடைத்து நின்றவர் பெயர் வராது.

சேம்பர்லின் மாறினார்

இனி மீண்டும் சேம்பர்லினிடம் வருவோம். 1966-67 பருவத்தில் பிலடெல்பியா செவன்டிசிக்ஸர்ஸ் குழுவில் இருந்தார். புதிய பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம், 'நீ குறைவாக எறி. மற்றவர்களுக்குக் கொடு' என்ற வழியில் அவரைத் திருப்பினார். ஹால் கிரீர், செட் வாக்கர், பில்லி கனிங்ஹம் போன்ற நல்ல ஆட்டக்காரர்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

முந்தைய பருவத்தில் 33.5 ஆக இருந்த அவருடைய சராசரிப் புள்ளி 24.1க்கு இறங்கியது. தோழர்கள் கூடை போடுவதற்கு வாகாகப் பந்து கொடுத்ததோ ஆட்டத்துக்கு 7.8 முறையாக ஏறியது. பலன் என்ன தெரியுமா? அந்தக் குழு 68 ஆட்டங்களில் வென்றது, 13ல்தான் தோற்றது. எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த பாஸ்டனை 4-1 என்று வீழ்த்தி, பிறகு வெற்றியாளர் பட்டத்தையும் பெற்றது.

அதே மனிதர், அதே உயரம், அதே பலம். நல்ல துணையும் வாய்த்தது. துணையை நம்பும் மனமும் வாய்த்தது. இதில் எது பெரிது என்று எடை போடத்தான் நம் அடுத்த சாட்சி வருகிறார்.

ஜோர்டானும் அவர் தோழர்களும்

மைக்கல் ஜோர்டானின் பெயரை அறியாதவர் குறைவு. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி, பாஸ்டன் நகரில், சிகாகோ புல்ஸ் குழுவுக்காக 63 புள்ளிகள் எடுத்தார். ஆனால் சிகாகோ 135-131 என்று தோற்றது. அந்தச் சுற்றில் ஓர் ஆட்டத்தில்கூட அது வெல்லவில்லை. மறு பருவத்தில் அவருடைய சராசரி 37.1 புள்ளிகள். மறுபடியும் பாஸ்டன், மறுபடியும் மூன்றுக்கு மூன்று தோல்வி.

1987ல் ஸ்கோட்டி பிப்பன், ஹோரஸ் கிராண்ட் என்ற இரண்டு இளைஞர்கள் சிகாகோவுக்கு வந்தார்கள். பிப்பனின் கதை நம்மவர் மனத்தைத் தொடக்கூடியது. அர்கன்சாஸ் மாநிலத்தில் ஹாம்பர்க் என்ற சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தந்தை காகித ஆலைத் தொழிலாளி. பக்கவாதம் வந்து முடங்கிப் போனார். கல்லூரிக் குழுவில் பிப்பன் சேர்ந்தபோது ஆட்டக்காரராகச் சேரவில்லை. குழுவின் பொருள்களைப் பார்த்துக் கொள்ளும் உதவியாளராகத்தான் சேர்ந்தார். அங்கிருந்து உயர்ந்து, ஜோர்டானின் வலக்கரமானார்.

அவர்கள் வந்ததும் பட்டம் வந்துவிட்டதா? வரவில்லை. 1988, 1989, 1990 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டெட்ராய்ட் குழு சிகாகோவை வெளியே அனுப்பியது. ஜோர்டான் பந்தோடு வந்தால் இரண்டு மூன்று பேராகச் சூழ்ந்து கொள்வது, இடித்துத் தள்ளுவது என்று அவருக்காகவே டெட்ராய்ட் தனித் திட்டம் வகுத்திருந்தது.

இந்த இடத்தில்தான் துணைவரின் அருமை விளங்கும். ஒருவரைச் சூழ இரண்டு பேர் போனால், இன்னொருவர் காவலில்லாமல் நிற்கிறார் என்று பொருள். அவர் கூடை போடத் தெரியாதவர் என்றால் எதிரிகளுக்குக் கவலையில்லை. மூன்று பேராகக்கூட நட்சத்திரத்தைச் சூழலாம். அவர் குறி தவறாதவர் என்றால் சூழ்வதற்கே அஞ்சுவார்கள். நட்சத்திரத்துக்கும் வழி திறக்கும்.

1989ல் பயிற்சியாளரான பில் ஜாக்சன், பந்து ஒரே கையில் தங்காமல் ஐவரிடமும் சுற்றி வரும் முறையைப் புகுத்தினார். 1991ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழுவை 4-1 என்று வென்று சிகாகோ தன் முதல் பட்டத்தைப் பெற்றது. கடைசி ஆட்டத்தில் எதிரிகள் ஜோர்டானைச் சூழ, அவர் பந்தை ஜான் பேக்சனுக்குக் கொடுத்தார். பேக்சன் அன்று 20 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் பலவும் கடைசிச் சில நிமிடங்களில் விழுந்தவை. பேக்சன் புதிதாக வந்தவரா? இல்லை. 1985 முதல் சிகாகோவில் இருந்தவர். தோற்ற காலத்திலும் அதே மனிதர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்!

1993ல் ஃபீனிக்ஸ் குழுவோடு நடந்த ஆறாவது ஆட்டம் இன்னும் சுவையானது. கடைசிக் கால்பகுதியில் சிகாகோ எடுத்தது மொத்தம் 12 புள்ளிகள். முதல் ஒன்பதும் ஜோர்டான் எடுத்தவை. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த கடைசி நொடிகளில், பந்து ஜோர்டானிடமிருந்து பிப்பனுக்குப் போனது, பிப்பனிடமிருந்து கிராண்டுக்கு, கிராண்டிடமிருந்து தூரத்தில் தனியாக நின்ற பேக்சனுக்கு. அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து விழுந்தது. 99-98. பட்டம் சிகாகோவுக்கு! ஒன்பது எடுத்தவருக்குப் பெருமையா, மூன்று எடுத்தவருக்குப் பெருமையா? இதில் எந்த எண்ணைக் கழித்தாலும் தோல்விதான்.

நட்சத்திரம் போன பிறகு

இந்த வழக்கில் எல்லாரும் தேடிப் படிக்கும் பக்கம் அடுத்த ஆண்டினது. 1993 அக்டோபரில் ஜோர்டான் ஓய்வை அறிவித்தார். முந்தைய பருவத்தில் அவரோடு 57 வெற்றி பெற்ற சிகாகோ, அவர் இல்லாமல் எத்தனை வென்றது? 55! 'துணைவர்கள்தான் எல்லாம்' என்று ஒரு தரப்பு துள்ளிக் குதித்தது. ஆனால் அந்தக் குழு இரண்டாவது சுற்றில் நியூயார்க்கிடம் ஏழு ஆட்டங்கள் போராடித் தோற்றது. ஜோர்டான் திரும்பி வந்து முழுப் பருவம் ஆடிய 1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் மீண்டும் வந்தது.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. லெப்ரான் ஜேம்ஸ் இருந்தபோது, 2009-10 பருவத்தில், கிளீவ்லேண்ட் குழு 61 ஆட்டங்களில் வென்றது. 2010ல் அவர் மயாமிக்குப் போனார். மறு பருவத்தில் கிளீவ்லேண்டின் வெற்றி 19 மட்டுமே. தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது. பயிற்சியாளரும் வேறு சில ஆட்டக்காரர்களும் அப்போது மாறியிருந்தார்கள் என்பதையும் நடுவர் மறக்கக் கூடாது.

சரி, நட்சத்திரமே இல்லாமல் வெல்ல முடியாதா? 2004ல் டெட்ராய்ட் குழு வென்று காட்டியது. எதிரில் நின்ற லேக்கர்ஸ் குழுவில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரும் பெயர்கள். டெட்ராய்டிலோ அந்த அளவுக்குப் பெயர் பெற்றவர் எவரும் இல்லை. முடிவு 4-1, டெட்ராய்டுக்கு.

கடைசிச் சாட்சி 2016. லெப்ரான் கிளீவ்லேண்டுக்குத் திரும்பியிருந்தார். எதிரில், அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களில் வென்றிருந்த கோல்டன் ஸ்டேட். 3-1 என்று பின்தங்கியிருந்த கிளீவ்லேண்ட், ஏழாவது ஆட்டம் வரை இழுத்து வந்தது. 89-89 என்று சமநிலை. எதிரி போடப் போன பந்தைப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து மறித்தார் லெப்ரான். பிறகு வெற்றிக்கான மூன்று புள்ளிப் பந்தைப் போட்டவர் அவருடைய தோழர் கைரி இர்விங். நட்சத்திரம் செய்தது காவல் வேலை. துணைவர் செய்தது கூடை போடும் வேலை. 93-89 என்று பட்டம் கிளீவ்லேண்டுக்கு.

உங்கள் தீர்ப்பு என்ன?

சாட்சிகள் முடிந்தன. எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லி விடுகிறோம்; ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

நட்சத்திரம் மட்டும் இருந்தால் சாதனை வரும். பட்டம் வராமல் போகலாம். 1962ம் 1986ம் அதைச் சொல்கின்றன. நல்ல துணைவர்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வாசல்வரை போகலாம். 1994ல் சிகாகோ போனது அப்படித்தான். டெட்ராய்டைப் போல உள்ளே நுழைபவர்கள் மிகச் சிலர். ஆனால் இரண்டும் இருந்தாலும் போதாது. சேம்பர்லின் பந்தைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் வென்றார். பேக்சன் ஆறு பருவங்கள் பக்கத்தில் இருந்தும், கடைசி நிமிடப் பந்து அவர் கைக்கு வந்த பிறகுதான் சிகாகோ வென்றது. துணை என்பது தானாக அமைவது மட்டுமல்ல. நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் உருவாவதும்கூட.

ஆகவே, 'அவருக்கு நல்ல துணை கிடைத்தது, அதனால் வென்றார்' என்று ஒருவரைக் குறைத்துப் பேசுவது சரியில்லை. அந்தத் துணையை வளர்த்ததில் அவருக்கும் பங்குண்டு. 'அவர் ஒருவரே வென்று கொடுத்தார்' என்பது அதைவிடப் பெரிய தவறு. அதில் நான்கு பேருடைய வியர்வை மறைந்து போகிறது.

அடுத்த முறை உங்கள் பிள்ளை திடலிலிருந்து வந்து, "அப்பா, இன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம்!" என்று சொன்னால், எத்தனை கோல் போட்டாய் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். யாருக்குப் பந்து கொடுத்தாய், உனக்கு யார் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பந்து கொடுத்த அந்தப் பையன் பெயரையும் அவன் சொல்லட்டும்.